தூக்கத்திலேயே போய்விட வேண்டும் என்பார் அப்பா

சாவு பற்றி எங்கள் அப்பா வைத்திருந்த ஒரே திட்டம் இதுதான்: "தூக்கத்துலயே போயிடணும்." ஒவ்வொரு சாவு வீட்டுக்குப் போய் வந்தபிறகும் சொல்வார். பினாங்கு பத்து லஞ்சாங் சுடலையிலிருந்து வந்து, வாசலில் கால் கழுவி, குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரு கோப்பி கேட்பார், அப்புறம் இதைச் சொல்வார். யாரையாவது கிடையில் பார்த்துவிட்டு வந்தால் மட்டும் கூடவே ஒன்று சேரும், "இப்படி இழுத்துக்கிட்டுக் கிடக்கக் கூடாது சாமி." நாங்களும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு டிவி பக்கம் திரும்பிவிடுவோம். முப்பது வருஷம் துறைமுகத்தில் வேலை பார்த்த மனுஷர், ஒரு நாள்கூட மெடிக்கல் லீவு எடுத்ததில்லை என்று பெருமை அடிப்பவர், அவருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று ஒரு நினைப்பு.

2022 நவம்பர், பொதுத் தேர்தலுக்கு முந்தின வாரம், காலை ஏழு மணிக்குக் குளியலறையில் விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. வயது 78. தூக்கத்தில் போகவில்லை. அதற்கப்புறம் 17 நாள் இருந்தார்.

விழுந்த அன்று ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு இளம் டாக்டர் எங்களைத் தேடி வராந்தாவுக்கு வந்தார். மலாய்ப் பெண், கண்ணெல்லாம் சிவந்து, அவருக்கே ஒரு நாற்காலி தேவைப்பட்ட மாதிரி நின்றார். மெதுவாகத்தான் கேட்டார். மூச்சு தடுமாறுகிறது, குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைக்கட்டுமா, ஒருவேளை 'ஜந்துங் பெர்ஹென்தி' என்றால், அதாவது இதயம் நின்றுபோனால், நெஞ்சை அழுத்தி முயற்சி செய்யட்டுமா, குடும்பம் என்ன நினைக்கிறது? அம்மா என்னைப் பார்த்தார். நான் தங்கையைப் பார்த்தேன். தங்கை அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணன் சிங்கப்பூரில். தூக்கத்திலிருந்து எழுந்து, விஷயம் புரிந்து, அழுதுகொண்டே சொன்னார், "எல்லாம் செய்யச் சொல்லு." நான் அதை அப்படியே மலாயில் திருப்பிச் சொன்னேன். "புவாட் செமுவா, டாக்டர்." அவர் தலையாட்டி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அம்மா மட்டும் கேட்டார். "எல்லாம்னா என்னம்மா?"

யாரும் பதில் சொல்லவில்லை. எங்களுக்கும் தெரியாது.

மறுநாளே அப்பா பெயர் டிஐஎல்லில் ஏறிவிட்டது. இங்கே ஆஸ்பத்திரி வாசம் பார்த்தவர்களுக்கு இந்த மூன்றெழுத்து தெரிந்திருக்கும், ஆபத்தான நிலையில் இருப்பவர்களின் பட்டியல், சொந்தபந்தங்களைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். மூன்றாவது நாள் மயக்க மருந்தைக் கொஞ்சம் குறைத்தார்கள். அப்பாவுக்கு இடது கை மட்டும் அசைந்தது, அந்தக் கை நேராகக் குழாயைப் பிடுங்கப் போனது. அதனால் கட்டிவிட்டார்கள். மணிக்கட்டில் பஞ்சு வைத்து, வெள்ளைத் துணிப் பட்டையால் கட்டில் கம்பியோடு. வலிக்கிற மாதிரி இல்லை, இறுக்கமாகவும் இல்லை, ரெண்டு விரல் நுழைகிற இடைவெளி விட்டுத்தான் கட்டியிருந்தார்கள், மிஸ்ஸி (நர்ஸ்) வந்து வந்து சரிபார்த்துக்கொண்டும் இருந்தார். அதெல்லாம் சரி. ஆனால் அப்பாவுக்கு மீசையைத் தடவுகிற பழக்கம் உண்டு, எதையாவது யோசித்தால் விரல் தானாக மேலே போகும். அந்த விரல் கட்டுக்குள் இருந்தபடியே அசைந்துகொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். யாராவது பார்க்க வந்தால் போர்வையை இழுத்துக் கையை மூடிவிடுவார்.

ஒன்பதாவது நாள் வென்டிலேட்டரிலிருந்து எடுத்தார்கள். சந்தோஷப்பட்டோம். அப்புறம் மூக்கில் குழாய், அது வழியாக நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் பால், அப்புறம் சளிக்காய்ச்சல், நிமோனியா. பதினேழாவது நாள் இதயம் நின்றது. நாங்கள்தான் எல்லாம் செய்யச் சொல்லியிருந்தோமே, செய்தார்கள். திரை மூடியிருந்தது. நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன், நெஞ்சுக்கூட்டை 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும், அப்படிச் செய்தால்தான் ரத்தம் ஓடும். வயசானவர்களுக்கு விலா எலும்பு உடைவது சாதாரணம். சினிமாவில் ரெண்டு தட்டு தட்டினதும் கண்ணைத் திறந்து "நான் எங்கே இருக்கேன்" என்று கேட்பார்களே, அப்படியெல்லாம் இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் கட்டில் ஆடுகிற சத்தம் இருபது நிமிஷம் கேட்டது. அம்மா கையில் ஒரு சின்ன பாட்டில் பால் வைத்திருந்தார், கடைசியாக வாயில் ஊற்றுவதற்கு. ஊற்ற முடியவில்லை.

யார் மேலும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. டாக்டர் கேட்டார், நாங்கள் சொன்னோம், அவர்கள் செய்தார்கள். நாங்கள் சொன்னதற்கும் நினைத்ததற்கும் நடுவில்தான் கோளாறு. "எல்லாம் செய்யுங்க" என்று ஒரு தமிழ்க் குடும்பம் சொன்னால் அதற்கு அர்த்தம் "எங்க அப்பாவை அநாதையா விட்டுடாதீங்க" என்பதுதான். டாக்டர் காதில் அது வேறு மாதிரி விழுகிறது: குழாய், மெஷின், அழுத்தம். அவர் என்ன செய்வார், ராத்திரி ரெண்டு மணிக்கு உட்கார்ந்து எங்கள் மனசைத் தோண்டியா பார்ப்பார்?

அப்புறம் ரெண்டு வருஷம் இதைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. திதி கொடுத்தோம், படம் மாட்டினோம், அவ்வளவுதான். பேச வைத்தது அம்மாவின் கிட்னி. இருபது வருஷச் சர்க்கரை. நம் நாட்டில் கிட்னி கெட்டு டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் சர்க்கரையால் போகிறவர்கள்தான் அதிகம், நம்மவர்கள் வீட்டுக்கு ஒருத்தர் இருக்கிறோம். போன வருஷம் கிளினிக்கில் டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, டயாலிசிஸ் பற்றி யோசித்து வையுங்கள் என்றார். அம்மா "சரி டாக்டர்" என்றார். வெளியே வந்ததும் என்னிடம், "என்ன சொன்னாரு?"

அன்றைக்கே ஆரம்பித்துவிடலாம் என்று நினைத்தேன், முட்டாள்தனமாக ஆரம்பித்தேன். "ம்மா, உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா..." முடிக்கவில்லை. "எனக்கென்ன ஆகப் போகுது, விளக்கு வைக்கிற நேரத்துல நல்ல வார்த்தை பேசு" என்று எழுந்து போய்விட்டார். ரெண்டாவது தடவை வீட்டுக்கு வந்த அத்தை முன்னால் எடுத்தேன், அது இன்னும் மோசம். அத்தை, "ஆண்டவன் குடுத்த உயிரு, அதை வேணும் வேணாம்னு சொல்ல நாம யாரு" என்று ஆரம்பித்து, கடைசியில் நான் அம்மா வீட்டுக்கு ஆசைப்படுகிறேன் என்கிற அளவுக்குப் போய்விட்டது. (ஆயிர் ஈத்தாம் பக்கம் ஐம்பது வருஷப் பழைய பிளாட், லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, அரை மாடி படி இறங்க வேண்டும். அதற்கு ஆசைப்படுகிறவர்கள் கையைத் தூக்கவும்.)

வழி காட்டியது கீழ் வீட்டு அக்கா. அக்காவுக்குக் கர்ப்பப்பை புற்றுநோய், எல்லாம் பார்த்து முடித்து, இனி வைத்தியம் கேட்காது என்றானதும் வீட்டிலேயே இருந்து போனார். கடைசிக் கட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற ஹோஸ்பிஸ் நர்ஸ் வாரத்துக்கு ரெண்டு தடவை படியேறி வருவார், காசு வாங்குவதில்லை. பினாங்கில் இந்த மாதிரி வீட்டுக்கு வந்து பார்க்கிற தர்ம அமைப்புகள் உண்டு, கோலாலம்பூர் பக்கம் ஹோஸ்பிஸ் மலேசியா 1991 முதல் இதைச் செய்துவருகிறது, சுகாதார அமைச்சும் 2019 முதல் 2030 வரை என்று பேலியேட்டிவ் பராமரிப்புக்கு, அதாவது தீராத நோயில் வலியையும் தொந்தரவையும் தணிக்கிற கவனிப்புக்கு, தனித் திட்டம் போட்டிருக்கிறது. இதெல்லாம் இருப்பது அப்பா விஷயத்தில் எங்களுக்குத் தெரியவே தெரியாது. ஹோஸ்பிஸ் என்றால் கொண்டுபோய்ப் போடுகிற இடம் என்றுதான் நினைத்திருந்தோம். அக்கா விஷயத்தில் ஒரு சண்டை வந்தது, மார்ஃபின் பற்றி. அக்காவின் மூத்த மகன் அதைக் கொடுக்கவே விடவில்லை, கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று பயம். நர்ஸ் உட்கார்ந்து விளக்கினார்: அளவு பார்த்துக் கொடுக்கிற மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை, வலியைக் குறைக்கும், மூச்சுத்திணறலையும் குறைக்கும், வாய்வழி மருந்துதான், சொட்டுக் கணக்கு, மலச்சிக்கல் வரும், அதற்கு வேறு மருந்து. அன்று ராத்திரி அக்கா மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் படுத்துத் தூங்கினார். அதுவரை தலையணையை அடுக்கி உட்கார்ந்தபடிதான்.

அக்கா கருமக்கிரியை முடிந்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா கூடத்தில் பேப்பர் விரித்து நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து கிள்ளினேன். கை வேலையாக இருக்கும்போது மூஞ்சியைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை, அது பெரிய வசதி. "கீழ் வீட்டு அக்கா நல்லபடியா போச்சுல்ல ம்மா" என்றேன். அம்மா ஒரு பத்துப் பதினைந்து நெத்திலி கிள்ளினார். அப்புறம் அவராகவே சொன்னார்.

"எனக்கு அந்த மூக்குல குழா வேணாம்."

நான் வாயைத் திறக்கவில்லை.

"கையக் கட்டக் கூடாது. அதான் முக்கியம். எழுதிக்க."

எழுதிக்க என்றதும் எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது, நெத்திலி வாசத்தோடு கையால் துடைத்து, எரிந்து, அது ஒரு தனிக் கூத்து. அன்றைக்கு ரெண்டு மணி நேரம் பேசினோம். அன்று பேசினதும், பிறகு டாக்டரிடம் கேட்டுத் தெளிந்ததும் கலந்து எழுதுகிறேன்.

சாப்பாடுதான் கஷ்டமான பேச்சு. நம் வீடுகளில் சாப்பாடு நின்றது என்றால் எல்லாமே நின்ற மாதிரி, "பட்டினி போட்டுக் கொன்னுட்டாங்க" என்று ஊர் பேசும். டாக்டர் சொன்னது: கடைசிக் கட்டத்தில் உடம்பு தானாகவே சாப்பாட்டை விலக்கும், பசி எடுக்காது, வாய் காய்வதுதான் தொந்தரவு, அதற்கு ஈரப் பஞ்சால் ஒற்றிக் கொடுத்தால் போதும். ஞாபகமறதி நோய் முற்றியவர்களுக்குக் குழாயில் ஊட்டினால் ஆயுள் கூடுகிறது என்றோ, புரையேறி நிமோனியா வருவது குறைகிறது என்றோ ஆராய்ச்சிகளில் தெரியவில்லையாம். கேட்டதும் அப்பாவின் நாலு மணிப் பால் ஞாபகம் வந்தது. அவருக்கு வந்தது ஸ்ட்ரோக், அதன் கணக்கு வேறு, சிலருக்குக் கொஞ்ச நாள் குழாய் வைத்துத் தேறி எடுத்துவிடுவதும் உண்டு. ஆக, குழாயே ஆகாது என்று மொத்தமாகச் சொல்ல முடியாது. அம்மாவிடம் அதையும் சொன்னேன். யோசித்துவிட்டு, "தேறுவேன்னு டாக்டர் சொன்னா ரெண்டு வாரம் வச்சுப் பாரு. அதுக்கு மேல வேணாம். வாயில ஊட்டு. ரசம் ஊட்டு. புரையேறினா ஏறட்டும்."

டயாலிசிஸ் விஷயத்தில் நான் எதிர்பார்த்த பதில் வேறு. வேண்டாம் என்பார் என்று நினைத்திருந்தேன். வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம், போகிற வருகிற நேரம் தனி. அம்மா கேட்டது: "ஆரம்பிச்சுட்டா நிறுத்த முடியாதா?" அடுத்த கிளினிக்கில் இதே கேள்வியை டாக்டரிடம் அவரே கேட்டார், தமிழில் கேட்க, நான் மொழிபெயர்க்க. நிறுத்தலாம். மூன்று மாதமோ ஆறு மாதமோ செய்து பார்த்து, உடம்பு தாங்கவில்லை, வாழ்க்கையே கட்டிலும் வேனுமாகப் போகிறது என்றால் நிறுத்தலாம், அது தற்கொலையும் இல்லை, கருணைக்கொலையும் இல்லை, நோய் தன் வழியில் போக விடுவது. ரொம்பத் தளர்ந்த, பல நோய் சேர்ந்த பெரியவர்கள் சிலர் ஆரம்பத்திலேயே டயாலிசிஸ் வேண்டாம் என்று சொல்லி, மருந்தாலேயே வீக்கம், அரிப்பு, மூச்சுத்திணறலைப் பார்த்துக்கொள்வதும் உண்டு, அதுவும் ஒரு வைத்தியம்தான், கைவிடுவது இல்லை. அம்மாவுக்கு அந்த 'நிறுத்தலாம்' போதுமாக இருந்தது. இப்போது தீர்மானம் இதுதான்: நேரம் வந்தால் ஆரம்பிப்போம், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரம் வரைக்குமாவது போய் நிற்க முடிகிறவரை செய்வோம். மேலே ஏறுவதை விட்டுப் பல வருஷம் ஆச்சு, அடிவாரத்தில் நின்று காவடி பார்ப்பதுதான் கணக்கு. அது முடியாமல் போனால் பேச வேண்டும் என்றார். இப்படி ஒரு அளவுகோல் எந்த ஃபாரத்திலும் கிடையாது.

சரி, எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கிற காகிதத்துக்கு வருவோம்.

அண்ணன்தான் முதலில் சொன்னார், "இங்க சிங்கப்பூர்ல ஃபாரம் இருக்கு, கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது, அங்க இல்லையா?" இருக்கிறது அங்கே. 1996இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள், ரெண்டு சாட்சி, அதில் ஒருவர் டாக்டர். நமக்குப் பதிலாகப் பேச ஒருவரை நியமிப்பதற்கும் தனிச் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்து, நடைமுறை ரொம்பச் சிக்கல் என்று 2023இல் இலகுவாக்கியது. மலேசியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. அதற்காக எழுதுவதில் பிரயோஜனமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மலேசிய மருத்துவ மன்றம் டாக்டர்களுக்குப் போட்டிருக்கிற சம்மத வழிகாட்டியில் இது இருக்கிறது: புத்தி தெளிவாக இருக்கும்போது நோயாளி தெளிவாக எழுதி வைத்திருந்தால், அவர் சொன்ன நிலைமைதான் இப்போது வந்திருக்கிறது என்றால், வேண்டாம் என்ற சிகிச்சையை டாக்டர் செய்யக் கூடாது. எழுதினது பழசா, மனசு மாறியிருக்குமா, சொன்ன நிலைமைதானா என்று சந்தேகம் வந்தால் உயிரைக் காப்பாற்றுகிற பக்கம்தான் போவார்கள். அதனால் தேதி முக்கியம், மொழியும் முக்கியம். "சும்மா இழுத்துக்கிட்டுக் கிடக்கக் கூடாது" என்று எழுதினால் யாருக்கும் உதவாது.

சொந்தத்தில் ஒருவர், "அதான் உயில் எழுதியாச்சே" என்றார். உயில் நாம் போனபிறகுதான் வாயைத் திறக்கும், வென்டிலேட்டர் பக்கத்தில் அதற்கு வேலை இல்லை. இன்னொருவர் பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வைத்துவிடு என்றார். அதில்தான் பெரிய ஓட்டை. நம் நாட்டில் எழுதிக் கொடுத்தவர் சுயபுத்தி இழந்தால் அந்தப் பவரும் போய்விடுகிறது, அதாவது எப்போது தேவையோ அப்போது இருக்காது. அதற்கப்புறம் சொத்து, பேங்க் விஷயம் என்றால் 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றம் போக வேண்டும். அப்பா படுத்திருந்தபோது அவர் பேரில் மட்டும் இருந்த கணக்கிலிருந்து அஞ்சு வெள்ளிகூட எடுக்க முடியவில்லை, முதல் ஆறு நாள் தனியார் ஆஸ்பத்திரிச் செலவு, ஒரு மைவி கார் வாங்குகிற காசு, மூன்று பேரும் கடன் வாங்கித்தான் கட்டினோம்.

ஆக, காகிதத்தை விட ஆள்தான் முக்கியம் என்பது என் கட்சி. ராத்திரி ரெண்டு மணிக்கு வராந்தாவில் யார் பேசுவது? இதை அம்மாவிடம் கேட்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் மூத்தது அண்ணன், ஆண்பிள்ளை, முறை அவருக்குத்தான். அம்மா நெத்திலித் தலைகளைப் பேப்பரில் மடித்துக்கொண்டே சொன்னார், "கொள்ளி வைக்கிறது அவன். பேசுறது நீ. அவன் அழுவான், அவனுக்கு முடியாது." இதை என்னிடம் மட்டும் சொன்னால் போதாது, நாளைக்கு நான் போய் "அம்மா என்கிட்ட சொன்னாங்க" என்றால் யார் நம்புவார்கள், அதனால் எல்லாருக்கும் நீங்களே சொல்லுங்கள் என்றேன். போனில் வாய்ஸ் மெசேஜ் பதிவு செய்தோம். நாலு நிமிஷம். நடுவில் குக்கர் விசில், "அடுப்பக் குறை" என்று ஒரு உத்தரவு, அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடர்ச்சி.

எழுத்தில் ஒரு பக்கம்தான். மலாயிலும் தமிழிலும். ராத்திரி பணியில் இருக்கிற டாக்டருக்கு மலாய், எங்களுக்கும் அம்மாவுக்கும் தமிழ். என்னென்ன நிலைமையில் என்னென்ன வேண்டாம், என்னென்ன வேண்டும் (வலி மருந்து கட்டாயம் வேண்டும், ஆக்சிஜன் மூக்கில் லேசாக வைத்தால் பரவாயில்லை, முடிந்தால் வீடு), யார் பேசுவது, அவர் போன் எடுக்காவிட்டால் யார். அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டார், ஐசி (அடையாள அட்டை) நம்பர், தேதி, குடும்பத்தில் இல்லாத ரெண்டு சாட்சி. கிளினிக் ஃபைலில் ஒன்று, ஐஸ்பெட்டி மேல் காந்தம் வைத்து ஒன்று, எல்லாருடைய போனிலும் படம். ஒவ்வொரு சித்திரைப் புத்தாண்டுக்கும் திரும்பப் படித்துக் காட்டி, புதுத் தேதி போட்டுக் கையெழுத்து. இந்த வருஷம் ஒரு வரி மாற்றினார், குழாய் ரெண்டு வாரம் என்பதைப் பத்து நாள் ஆக்கினார். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மா, யோசிச்சேன்."

வீடு என்று சொல்வது லேசு. லிப்ட் நிற்காத மாடி, அரை மாடிப் படியில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. கீழ் வீட்டு அக்காவை நாற்காலியில் உட்கார வைத்துத்தான் நாலு பேர் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் வாடகைக்குக் கிடைக்கும், எங்கள் கதவில் நுழையுமா என்று அளந்து பார்த்தேன், பிரித்துக் கொண்டுவந்தால் நுழையும். வீட்டில் உயிர் போனால் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லி அடக்கம் செய்ய பர்மிட் வாங்க வேண்டும். நோய் என்ன, வைத்தியம் எங்கே நடந்தது என்று டாக்டர் அல்லது ஹோஸ்பிஸ் கடிதம் ஐசியோடு சேர்த்துத் தயாராக இருந்தால் அந்த நேரத்தில் அலைச்சல் குறையும், அக்கா வீட்டில் அப்படித்தான் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. ஒரு பயம் மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை. கடைசி நேரத்தில் தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் வரும், விழுங்க முடியாமல் எச்சில் தேங்குவதால், கேட்கிற நமக்குத்தான் கொடுமை, அவர்களுக்கு அது தெரிவதில்லை என்கிறார் நர்ஸ். தெரிந்தும், அந்தச் சத்தத்தில் பதறி 999க்கு அடித்துவிடுவேனோ என்று இருக்கிறது. அடித்தால் ஆம்புலன்ஸ் வரும், வந்தால் எல்லாம் செய்வார்கள். அதனால் ஹோஸ்பிஸ் நம்பரைத்தான் அந்தக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், 999 எழுதவே இல்லை.

அம்மாவின் வாய்ஸ் மெசேஜைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்ட அன்று தங்கை உடனே போன் செய்து ஒரு மூச்சு அழுதாள், "எதுக்கு இப்ப இதெல்லாம்" என்று கோபித்தாள், மறுநாள் சரியாகிவிட்டாள். அண்ணனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ரெண்டு நீல டிக் மட்டும். மூத்தவரை விட்டுவிட்டு என் பெயரைச் சொன்னதற்குக் கோபம் என்று நினைத்தேன், நானும் கூப்பிடவில்லை.

நாலாவது நாள் ராத்திரி அவரே கூப்பிட்டார்.

"கையக் கட்டக் கூடாதுன்னு சொல்றாங்களே, அது என்ன?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் வந்தது தேர்தல் அன்று, சனிக்கிழமை, ஓட்டுப் போட்ட கையோடு நேராக ஆஸ்பத்திரிக்கு, விரலில் மை இருந்தது. அவர் வார்டு வாசலில் தெரிந்ததுமே அம்மா போர்வையை இழுத்துவிட்டார். ரெண்டு நாள் பக்கத்தில் நின்றார், கையைப் பார்க்கவே இல்லை. அப்புறம் வந்தது தகனத்துக்குத்தான்.

சொன்னேன். பஞ்சு வைத்துத்தான் கட்டியிருந்தார்கள், இறுக்கமில்லை, என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமில்லை.

"எந்தக் கை?"

"இடது."

"மீசைக் கை" என்றார்.

அடுத்த மாசம் லீவு போட்டு வருகிறாராம். கட்டில் நுழையுமா என்று தானும் ஒரு தடவை கதவை அளந்து பார்க்க வேண்டுமாம். போகும்போது கொண்டுபோக அம்மாவை நெத்திலி கிள்ளி வைக்கச் சொன்னார், ஒரு கிலோ.